கேபிளை உருவுவதற்கு முன்

(சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் தருகிறோம்.)



செயலாளர் என்னை அறிமுகம் செய்தபோது "கம்ப்யூட்டர் நிபுணர்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார். முதல் வேலையாக அந்தப் பதிவை ரத்து செய்துவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். லினக்ஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சி பிளாக் தம்பி ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும், நானே தவறு செய்து கற்றுக்கொண்டதும்தான். அந்தத் தவறுகளில் ஒன்று நம் எல்லோரையும் சேர்ந்தது. அதனால்தான் இன்று பேச ஒத்துக்கொண்டேன்.

நம் வளாகத்தில் லினக்ஸ் எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பலருடைய பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. சி பிளாக் தம்பி விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று போட்டுக்கொடுத்தார். சங்க அலுவலக லேப்டாப்பும் அதில் ஒன்று. காசு செலவில்லை. மெயின்டெனன்ஸ் கணக்கு, ரசீது, மின்னஞ்சல் எல்லாம் அதில்தான் நடக்கிறது.

இன்றைய விஷயம் சின்னது. ஒரு லேப்டாப்புக்கு இணையம் இரண்டு வழியாக வரலாம். ஒன்று லேன் கேபிள். இன்னொன்று வைஃபை. கேபிள் இருந்தால் கேபிள், அதை உருவினால் வைஃபை, மறுபடி செருகினால் கேபிள் என்று தானாக மாற வேண்டும். நாம் எதையும் தொடக்கூடாது. இது நடக்குமா என்று பலர் கேட்டீர்கள். நடக்கும். லினக்ஸில் பெரும்பாலும் அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தானாக மாறுவது வேறு, அறுபடாமல் மாறுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். அதை முதலில் சொல்கிறேன்.

பொதுக்குழுவில் நடந்தது

போன பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் மாற்றுவதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சிறப்பு நிதி வசூலிப்பது பற்றிய தீர்மானம். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் வீடியோ அழைப்பில் கலந்துகொண்டார்கள். அலுவலக லேப்டாப்பை மேஜையில் வைத்து, கேபிள் செருகி, நான்தான் பார்த்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் எனக்கே.

முதல் மாடியில் வீடு வைத்திருக்கும் ஓர் அம்மா, வயது எண்பதைத் தாண்டியவர், மகள் வீட்டிலிருந்து கலந்துகொண்டார். அவர் பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பின் வரிசையில் இருந்தவர்கள் "திரை தெரியவில்லை, லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள்" என்றார்கள். கேபிள் நீளம் போதவில்லை. வைஃபை இருக்கிறதே, தானாக மாறிக்கொள்ளும் என்று கேபிளை உருவிவிட்டு லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன்.

மாறிக்கொண்டது. அரை நிமிடத்துக்குள் எல்லா முகங்களும் திரையில் திரும்பி வந்தன. அந்த அரை நிமிடத்தில் கூடத்தில் வேறு பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா பேசி முடித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். வாக்கெடுப்புக்குப் போனோம். "எதிர்ப்பு ஏதும் தெரிவிக்கப்படவில்லை" என்று என் கையால் குறிப்பு எழுதினேன்.

அன்று இரவு போன் வந்தது. "தம்பி, நான் பேசினது அங்க யாருக்காச்சும் கேட்டுச்சா?" என்று கேட்டார். லிஃப்ட்டையே தொடாத முதல் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் ஒரே தொகை என்பது நியாயமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். எங்களுக்கு முதல் இரண்டு வாக்கியம்தான் வந்திருந்தது.

வங்கியில் வேலை பார்த்தவனுக்குத் தவறான பதிவு என்றால் என்ன என்று தெரியும். நான் எழுதிய அந்த ஒரு வரி தவறான பதிவு. அதை எப்படிச் சரி செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்த அரை நிமிடத்தில் லேப்டாப்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இரண்டு வழி இருந்தால் எதில் போகும்?

லினக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பது நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள். ரெட் ஹாட் நிறுவனம் 2004-இல் தொடங்கியது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றிலும் அதுதான். திரையின் மூலையில் வைஃபை சின்னம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுவே.

கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கலாம். ஒன்று வந்தால் மற்றது போய்விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டும் இருக்கும்போது எந்த வழியில் போவது என்று தீர்மானிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அதற்கு மெட்ரிக் என்று பெயர். எண் குறைவாக இருந்தால் முன்னுரிமை அதிகம், டோக்கன் மாதிரி. கேபிளுக்கு இயல்பாகக் கிடைக்கும் எண் 100. வைஃபைக்கு 600. எனவே இரண்டும் இருந்தால் கேபிள்தான். கேபிள் போனால் 100 என்ற வரி அழிந்து 600 மட்டும் நிற்கும். மறுபடி செருகினால் 100 திரும்ப வந்து முதலிடம் பிடிக்கும். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், ஒன்றும் நிறுவ வேண்டாம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபி ரூட்' என்ற கட்டளையைக் கொடுங்கள். டிஃபால்ட் என்று தொடங்கும் வரிகள் ஒன்றோ இரண்டோ வரும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தில் மெட்ரிக் எண் இருக்கும். சிறிய எண் எந்த வரியில் இருக்கிறதோ அதில்தான் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இன்று நான் குறிப்பிடும் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

"எனக்கு மட்டும் மாறவே மாட்டேன்கிறது" என்று இரண்டு பேர் சொன்னார்கள். இருவர் வீட்டிலும் போய்ப் பார்த்தேன். ஒருவர் வைஃபையை என்றைக்கோ ஆஃப் செய்தது அப்படியே இருந்தது. இன்னொருவர் வைஃபையின் அமைப்பில் "தானாக இணை" என்ற டிக்கை எடுத்துவிட்டிருந்தார். மூன்றாவதாக இன்னொரு காரணமும் உண்டு. நீங்களே டிஸ்கனெக்ட் என்று அழுத்தினால், "இவருக்கு வேண்டாம் போலிருக்கிறது" என்று நெட்வொர்க் மேனேஜர் அந்த இணைப்பை ஒதுக்கி வைத்துவிடும். நீங்களாகத் திரும்ப இணைக்கும் வரையோ, மெஷினை மறுபடி தொடங்கும் வரையோ அது தானாக வராது. ஆகவே கேபிளுக்கு மாற வைஃபையை டிஸ்கனெக்ட் செய்யத் தேவையில்லை. கேபிளைச் செருகினால் போதும்.

போனும் ஒரு கேபிள்தான்

இங்கே ஒரு எச்சரிக்கை. பி பிளாக்கில் ஒரு நண்பர், வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும்போதே போன் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், அவர் போனை லேப்டாப்பில் சார்ஜுக்குப் போடுகிறார். போனில் யு.எஸ்.பி. டெதரிங் ஆன் ஆகியிருக்கிறது. லினக்ஸ் அதை வைஃபையாகப் பார்ப்பதில்லை. வயரில் வருவதால் லேன் கேபிள் மாதிரியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்கும் 100 என்ற எண்தான். உடனே வீட்டு வைஃபையை விட்டுவிட்டுப் போன் டேட்டாவில் ஓட ஆரம்பிக்கிறது. மெஷின் தன் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது. டெதரிங்கை ஆஃப் செய்தோம், பிரச்சினை தீர்ந்தது.

விளக்கு எரிகிறது, இணையம் இல்லை

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது. கேபிள் செத்துவிட்டது என்று மெஷின் எப்படித் தெரிந்துகொள்கிறது?

கேபிள் செருகும் துளையருகே பச்சை விளக்கு ஒன்று எரிவதைப் பார்த்திருப்பீர்கள். மறுமுனையில் மின்சாரத்தோடு ஒரு பெட்டி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது.

நம் அலுவலகத்தில் இதுதான் நடந்தது. அலுவலகத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டிக்கு யு.பி.எஸ். உண்டு. கார் பார்க்கிங்கில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கு அன்று இல்லை. கரண்ட் போனது. ஃபைபர் பெட்டி அணைந்தது. ஸ்விட்ச் மட்டும் யு.பி.எஸ்.ஸில் உயிரோடு இருந்தது. கேபிள் விளக்கு எரிகிறது. செயலாளர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொடுத்தார். வைஃபை இணைந்தும்விட்டது. ஆனாலும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஏனென்றால் லேப்டாப்பைப் பொறுத்தவரை கேபிள் இருக்கிறது, 100 என்ற எண் இருக்கிறது, ஆகவே கேபிள்தான்.

வங்கியில் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் "லிங்க் இல்லை" என்று போர்டு மாட்டி வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். இங்கே இருக்கிற பலர் என்னைப் போன்றவர்களைத் திட்டியிருப்பீர்கள். எங்கள் கிளையில் லீஸ்டு லைன் ஒன்று, அது போனால் டயல் செய்து எடுத்துக்கொள்ள ஐ.எஸ்.டி.என். லைன் ஒன்று. அங்கேயும் இதே சங்கடம். லைன் முழுதாக அறுந்தால் மாற்று லைன் உடனே வரும். லைன் இருப்பது போலவே காட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒன்றும் போகாமல் இருந்தால்தான் அரை நாள் வீணாகும்.

நெட்வொர்க் மேனேஜரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கனெக்டிவிட்டி செக் என்று பெயர். இணையத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரியை அவ்வப்போது தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் அந்த வழியின் மெட்ரிக் எண்ணோடு 20,000 கூட்டிவிடும். கேபிளின் 100 இப்போது 20,100 ஆகிவிடும். வைஃபையின் 600 முன்னால் வந்துவிடும். கேபிளை யாரும் தொடாமலேயே போக்குவரத்து வைஃபைக்கு மாறும். கேபிளில் இணையம் திரும்பியதும் அபராதம் நீங்கி மறுபடி 100.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இயல்பான அமைப்பில் 300 விநாடிக்கு ஒரு முறைதான் தட்டிப் பார்க்கும். எனவே ஐந்து நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். அவசரம் என்றால் கேபிளை நீங்களே உருவிவிடுவது மேல். இரண்டு, இந்தச் சோதனை ஆன் ஆகியிருக்க வேண்டும். உபுண்டுவில் செட்டிங்ஸ், பிரைவசி பகுதியில் கனெக்டிவிட்டி என்று பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும். உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள்.

ஆனால் இதை நம்பி ஏமாறவும் கூடாது. உங்கள் வீட்டில் கேபிளும் வைஃபையும் ஒரே ரவுட்டரிலிருந்துதானே வருகின்றன? அந்த ரவுட்டருக்கு வரும் ஃபைபர் போனால் இரண்டுமே போய்விடும். கேபிளுக்கு 20,100, வைஃபைக்கு 20,600. மறுபடி கேபிள்தான் முதல், இணையம்தான் இல்லை. வாசல் இரண்டு இருந்தாலும் தெரு ஒன்றுதான். உண்மையில் மாற்று வழி வேண்டும் என்றால் வேறு நிறுவனத்தின் லைனோ, போன் ஹாட்ஸ்பாட்டோ இருக்க வேண்டும். கரண்ட் போவதுதான் பிரச்சினை என்றால், ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் என்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கி மாட்டினால் பாதிப் புகார் குறைந்துவிடும். கார் பார்க்கிங் பெட்டிக்கு இப்போது சங்கமே ஒன்று மாட்டியிருக்கிறது.

வைஃபையை அணைத்துவிடலாமா?

கேபிள் செருகியதும் வைஃபை தானாக அணைய வேண்டும், உருவியதும் தானாக எரிய வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரே மெஷினுக்கு இரண்டு முகவரி இருந்தால் சில சமயம் பிரின்டரோ, வீட்டுக்குள் ஃபைல் பகிர்வதோ குழம்பும். பேட்டரியும் கொஞ்சம் மிச்சம். அடுக்குமாடியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கேபிளில் வேலை செய்பவர் காற்றில் கொஞ்சம் இடம் விட்டால் பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

அதற்கும் வழி உண்டு. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தில் டிஸ்பேச்சர் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைக்கலாம். எந்த இணைப்பு வந்தாலும் போனாலும் நெட்வொர்க் மேனேஜர் அந்த ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு, எந்த இணைப்பு, வந்ததா போனதா என்று இரண்டு சொற்களைச் சொல்லும். கேபிள் வந்திருந்தால் வைஃபையை ஆஃப் செய், கேபிள் இல்லை என்றால் ஆன் செய் என்று நாம் அதில் எழுதிவைக்கிறோம். என்.எம்.சி.எல்.ஐ. என்ற கட்டளையோடு வரும் கையேட்டிலேயே இதற்கு ஒரு மாதிரி ஸ்கிரிப்ட் இருக்கிறது. அந்தக் கோப்பு ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் இருக்க வேண்டும். இயக்கும் அனுமதி இருக்க வேண்டும். மற்றவர்கள் அதில் எழுத முடியக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நெட்வொர்க் மேனேஜர் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். லாக்கர் சாவி மாதிரி, கையெழுத்து சரியாக இல்லாவிட்டால் திறக்க மாட்டார்கள்.

நான் இரண்டு மாதம் இதை வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். ஒரு நாள் கேபிளோடு லேப்டாப்பை அணைத்தேன். மறுநாள் கேபிள் இல்லாமல் வேறு இடத்தில் திறந்தேன். வைஃபை ஆஃப் என்ற நிலையை மெஷின் நினைவில் வைத்திருந்தது. கேபிள் வரவும் இல்லை, போகவும் இல்லை, அதனால் ஸ்கிரிப்ட்டை யாரும் கூப்பிடவும் இல்லை. மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, ரிப்போர்ட்டைத் திறக்க முடியாமல் விழித்தேன். மூலைச் சின்னத்தை அழுத்தி வைஃபையை ஆன் செய்தால் முடிந்தது. எனக்குத் தெரிந்ததால் செய்தேன். என் மனைவி தனியாக அங்கே இருந்திருந்தால்?

அது மட்டும் அல்ல. இந்த ஸ்கிரிப்ட் இருந்தால் கேபிளை உருவியபின் வைஃபை முதலில் விழித்து, ரவுட்டரைத் தேடி, பாஸ்வேர்ட் கொடுத்து, முகவரி வாங்கிய பிறகுதான் இணையம் வரும். வைஃபை ஏற்கெனவே இணைந்திருந்தால் இவ்வளவும் மிச்சம். ஆகவே சாதாரணமாக வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை, இரண்டையும் ஆனிலேயே விடுங்கள்.

எது அறுகிறது?

இப்போது பொதுக்குழுவின் அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். வைஃபை ஆனில்தான் இருந்தது. இணைந்தும் இருந்தது. பிறகு ஏன் அறுந்தது?

கேபிளுக்கு ஓர் ஐ.பி. முகவரி, வைஃபைக்கு வேறொரு ஐ.பி. முகவரி. வீடியோ அழைப்பு கேபிளின் முகவரியில் தொடங்கியது. கேபிளை உருவியதும் நெட்வொர்க் மேனேஜர் சில விநாடி பொறுத்துப் பார்க்கும், லூஸ் கனெக்‌ஷனாக இருக்கலாமே என்று. பிறகு அந்த முகவரியை நீக்கும். அந்த முகவரியில் நடந்துகொண்டிருந்த பேச்சுக்கு அதோடு ஆள் இல்லை. அழைப்புச் செயலி, "மீண்டும் இணைகிறது" என்று காட்டிவிட்டு, புதிய முகவரியிலிருந்து முதலிலிருந்து கைகுலுக்க வேண்டும். புதிதாகத் திறக்கும் பக்கங்கள் எல்லாம் வைஃபையில் ஜோராகத் திறக்கும். பாதியில் நின்றவைதான் அறுந்துபோகும்.

செருகும்போது பெரும்பாலும் இப்படி ஆவதில்லை. வைஃபை முகவரி உயிரோடு இருப்பதால் பழைய பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், புதியவை கேபிளில் போகும். உருவும்போதுதான் அறுகிறது. வைஃபையை அணைக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் செருகும்போதும் அறும். நான் அதை எடுத்ததற்கு இதுவும் காரணம்.

அறுபடாமலே மாற வழி இல்லையா என்று கேட்டால், பாண்டிங் என்று ஒன்று இருக்கிறது. கேபிளையும் வைஃபையையும் ஒரே இணைப்பாகக் கட்டி, ஒரே முகவரி கொடுத்து, கேபிள் முதல் ஆள், வைஃபை மாற்று ஆள் என்று வைப்பது. இரண்டும் ஒரே ரவுட்டருக்குப் போகும்போது அது நன்றாக வேலை செய்யும். போன் ஹாட்ஸ்பாட் போல வேறு தெருவில் போகும் வழிக்கு அது உதவாது. அமைப்பதும் கொஞ்சம் வேலை. அலுவலக லேப்டாப்பில் சி பிளாக் தம்பியைக் கொண்டு அதை முயன்று பார்க்க எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு அது தேவையில்லை.

வீட்டுக்குத் தேவை சில பழக்கங்கள்தான்.

முதலாவது, அறுந்தால் யாராவது பாதிக்கப்படுவார் என்ற வேலை எதுவானாலும், டாக்டருடன் வீடியோ ஆலோசனை, பிள்ளைகளின் ஆன்லைன் தேர்வு, வேலைக்கான நேர்காணல், இடத்தையும் இணைப்பையும் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடமாட வேண்டியிருக்கும் என்றால் தொடக்கத்திலிருந்தே வைஃபையில் இருங்கள். ஒரே இடம் என்றால் கேபிள் செருகிவிட்டுத் தொடங்குங்கள், முடியும் வரை அதைத் தொடாதீர்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வீட்டுக்குள் நீளம் போதவில்லை என்பது காரணமே அல்ல. பத்து மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, பணம் அனுப்பும்போது இணைப்பு மாறினால் பதற வேண்டாம். மறுபடி அழுத்தவும் வேண்டாம். பாதி வவுச்சர் போடும்போது லிங்க் போனால் எங்கள் ஆபீசர் சொல்வார், "முதல்ல போஸ்ட் ஆச்சான்னு பாரு, அப்புறம் கை வை." அதே விதிதான். முதலில் கணக்கு அறிக்கையைத் திறந்து பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் இரண்டாம் முறை.

மூன்றாவது, மாதம் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். முக்கியமான வேலை ஏதும் இல்லாத நேரத்தில் கேபிளை உருவுங்கள். புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து, எத்தனை விநாடியில் வருகிறது என்று எண்ணுங்கள். மறுபடி செருகுங்கள். 'ஐபி ரூட்' கொடுத்து 100 திரும்பி வந்ததா என்று பாருங்கள். தீயணைப்பு ஒத்திகை மாதிரி, தேவைப்படும் நாளில் முதல் முறையாகச் செய்யக்கூடாது.

நான்காவது, கூட்டத்தில் வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், திரும்பி வந்ததும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். "நீங்கள் எதுவரை பேசினீர்கள்? எங்களுக்கு இதுவரைதான் கேட்டது" என்று சொல்லி, அவர் முடித்த பிறகே அடுத்த வேலை. இது லினக்ஸில் இல்லை. எந்த ஸ்கிரிப்ட்டிலும் எழுத முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அந்த அம்மாவின் விஷயம். போன் வந்த மறுநாள் செயற்குழுவிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டக் குறிப்பில் நான் எழுதிய வரியை அடிக்கவில்லை. வங்கியிலும் தவறான பதிவை அழிக்க மாட்டோம், திருத்தப் பதிவு போடுவோம். "இணைப்பு துண்டிக்கப்பட்டதால் இந்த உறுப்பினரின் கருத்து கூட்டத்துக்குக் கேட்கவில்லை" என்று தேதியிட்டு எழுதி, அவருடைய கேள்வியை முழுதாகச் சேர்த்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அவரைத்தான் முதலில் பேச அழைத்தோம். பன்னிரண்டு நிமிடம் பேசினார். தொகை மாறவில்லை. பெரும்பான்மை அப்படியே இருந்தது. ஆனால் தவணையில் கட்டலாம் என்று அன்று சேர்த்த ஒரு வரி, அவர் கேட்டதால் வந்தது. அதில் இப்போது பதினான்கு வீட்டுக்காரர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று முழுவதும் கேபிள் செருகியே இருந்தது. நான் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். லேப்டாப்பும் சார்ஜரும் கொண்டு வாருங்கள். கேபிள் இருந்தால் அதையும்.